அம்மாவுடன் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள்: ஏஜென்சியா, ஊர்ப் பெண்ணா, பிள்ளைகளே போதுமா?

பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில், அப்பா கட்டிய வீட்டில், 81 வயதான என் அம்மா இருக்கிறார். 14 மாதங்களுக்கு முன், மார்கழிக் காலையில் வாசல் தெளிக்கப் போனவர் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. தருமபுரியில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது அவரால் தானாகத் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவரும் அந்த ஊரில் இல்லை. நான் ஓசூரிலும், தம்பி பெங்களூரிலும், தங்கை திருப்பூரிலும் இருக்கிறோம். நெடுஞ்சாலையை ஒட்டி வேலை தேடிப் போன குடும்பங்கள் பலவற்றில் இந்த நிலைதான் என்பதால், நாங்கள் முயன்று பார்த்த வழிகளையும் விசாரித்து விட்டுவிட்ட வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியைத் தேர்ந்தாலும், மாதச் சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதையும், அந்த ஆள் விடுப்பில் போகும் நாளில் அவர் இடத்தில் யார் நிற்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நாங்கள் அதைக் கடைசியில்தான் கேட்டோம்.

ஆள் தேடத் தொடங்கும் முன் தெளிவாக வேண்டியது, வேண்டியிருப்பது செவிலியர் வேலையா, பராமரிப்பு வேலையா என்பது. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாயை மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வாக்கர் பிடித்து நாலு அடி நடக்க வைப்பது ஆகியவற்றைப் பொறுமையும் உடல் வலுவும் உள்ள எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். என் அம்மாவுக்கு வேண்டியிருந்தது முழுக்க முழுக்க இரண்டாவது வகை. ஆனால் மருத்துவமனை வாசலில் இருந்த பதற்றத்தில் நாங்கள் முதல் வகைக்கான பணத்தைக் கொடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். அத்திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கு வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால், புண்ணைப் பார்ப்பதற்கும் கால் பயிற்சி சொல்லித் தருவதற்கும் மட்டும் ஒரு ஹோம் நர்ஸை மாதம் முழுதும் வைத்திருக்கத் தேவையில்லாமல் போகலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

முதலில் நாங்கள் போனது ஏஜென்சியிடம். ஓசூர், பெங்களூர் பக்கத்து ஏஜென்சிகள் தருமபுரிக் கிராமங்கள் வரைக்கும் ஆள் அனுப்புகின்றன. எங்களிடம் பேசியவர்கள் மாதம் 26,000 ரூபாயும், ஆறு மாதங்களுக்கான பதிவுக் கட்டணமாகத் திருப்பித் தரப்படாத 10,000 ரூபாயும் கேட்டார்கள். சாப்பாடும் தங்குமிடமும் நம் பொறுப்பு. இந்த வழியின் பலம் வேகம்தான். திங்கட்கிழமை பேசினோம், புதன்கிழமை காலையில் ஒருவர் பையுடன் வந்து இறங்கினார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்கும் முறையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதை நான் மறக்க மாட்டேன். ராயலசீமைப் பக்கத்துக்காரரான அவருடைய தெலுங்கு அம்மாவுக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் சந்தைத் தெலுங்கும் கொஞ்சம் கன்னடமும் தெரியாத பெரியவர்கள் குறைவு.

ஆனால் 19ஆம் நாள் அவர் போய்விட்டார். நாங்கள் கொடுத்த 26,000 ரூபாயில் தன் கைக்கு வருவது 17,000 ரூபாய்தான் என்று போவதற்கு முதல் நாள் சொன்னார். பெங்களூரில் வேறொரு வீட்டில் கூடுதலாகத் தருகிறார்கள் என்றும் சொன்னார், அவர்மீது எனக்கு வருத்தமில்லை. மாற்று ஆள் உடனே வருவார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஏஜென்சி, நான்கு நாள் கழித்து ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணை அனுப்பியது. நல்ல பிள்ளை, ஆனால் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு பிற்பகலில் நான் உடன் இருந்தபோதே, அம்மா “ஒன்னுக்கு வருது கண்ணு” என்று மூன்று முறை சொன்னார். அந்தப் பெண் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து உதட்டருகில் பிடித்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அந்தத் தண்ணீரைக் குடித்தார், பிறகு படுக்கை நனைந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏஜென்சி அனுப்பும் ஆள் நம் பெரியவரின் மொழியைப் பேசுவாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பணம் கட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அந்தப் பிற்பகல்தான் காரணம். அதேபோல, பணியாளரின் கைக்கு எவ்வளவு போகிறது என்பதையும் ஏஜென்சியிடம் கேளுங்கள். சொல்ல மறுத்தால், அந்த ஆள் நிலைக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு, காரிமங்கலம் பக்கத்திலிருந்து, தங்கையின் மாமியார் வழியாக அறிமுகமான 46 வயதுப் பெண் ஒருவரை நேரடியாக அமர்த்தினோம். மாம்பழ சீசனில் மாங்கூழ்த் தொழிற்சாலைக்கும், பங்குனியில் புளி தட்டவும், மற்ற மாதங்களில் தக்காளிப் பறிப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். முதியவரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் என்று அவருக்கு இருந்தது, தன் மாமியாரைக் கடைசி மூன்று ஆண்டுகள் பார்த்தது மட்டுமே. ஆனால் அம்மாவுக்கு ஊட்டுவதற்கு முன் கேழ்வரகுக் களியை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து, நாக்கின் நடுவில் வைத்து, தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த உருண்டையை எடுக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. புரையேறாமல் ஊட்டுவதற்கு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். அம்மாவை அவர் “பெரியம்மா” என்று அழைத்தார். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி என்றும் பொருள் என்பதால், தன்னை யாரும் ஆயா என்று கூப்பிட்டால் அம்மாவுக்கும் அவருக்கும் சேர்ந்தே சிரிப்பு வரும்.

சம்பளம் பேசும்போது உறவினர்கள் சொன்ன தொகை 10,000 ரூபாய். “சாப்பாடும் போட்டுத் தங்க இடமும் கொடுக்கிறோமே” என்பது அவர்கள் வாதம். 10,000 ரூபாயை 30 நாளால் வகுத்தால் நாளுக்கு 333 ரூபாய் வருகிறது. 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலியே 336 ரூபாய், அதுவும் பகல் வேலைக்கு மட்டும். இரவும் பகலும் ஒருவரை நம் தாயின் கட்டிலருகில் நிறுத்திவிட்டு, ஏரி தூர் வாரும் வேலைக்கும் குறைவாகக் கொடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. இங்கே சாப்பாட்டையும் படுக்கையையும் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடக் கூடாது, அவர் அங்கே தங்குவது நம் தேவைக்காகவே. 18,000 ரூபாய் என்று முடிவு செய்தோம். வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று தமிழ்நாடு அரசு 2018இல் அறிவித்திருக்கிறது, அந்த வரம்பைத் தாண்டிவிட்டோமா என்று பார்த்துக்கொள்வது அமர்த்துபவரின் கடமை.

இந்த 18,000 ரூபாயோடு கணக்கு முடியவில்லை என்பதை நான் கண்டது அமர்த்திய இரண்டாவது மாதத்தில். முன்னறிவிப்பின்றி ஒரு சனிக்கிழமை இரவு ஊருக்குப் போனேன். அவர் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு நாடாவின் ஒரு முனை அம்மாவின் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தது, மறுமுனை அவருடைய மணிக்கட்டில். அம்மா கையை அசைத்தால் தனக்கு விழிப்பு வர வேண்டும் என்பதற்காக அவரே செய்துகொண்ட ஏற்பாடு அது. அன்றிரவு நான் விழித்திருந்து எண்ணினேன், ஐந்து முறை எழுந்தார். காலை ஐந்தரைக்கு மீண்டும் எழுந்து வாசல் தெளித்தார், அது அவர் வேலையே இல்லை. அந்த நாடாவைப் பார்த்த பிறகு, தங்கி வேலை செய்பவர் இரவில் தூங்கத்தானே செய்கிறார் என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அப்போதுதான் மாற்று ஆள் என்ற செலவைச் சேர்த்தோம். அதே தெருவில் இருக்கும் ஒரு பெண், மாதத்தில் நான்கு நாள், இரவுகளையும் சேர்த்து வருகிறார். நாளுக்கு 800 ரூபாய் வீதம் 3,200 ரூபாய். பொங்கலுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று பேசியிருப்பதால் அதை மாதத்துக்குப் பிரித்தால் 1,500 ரூபாய். ஆக மொத்தம் மாதம் 22,700 ரூபாய் ஆகிறது. ஏஜென்சி வழியில், பதிவுக் கட்டணத்தை ஆறு மாதங்களுக்குப் பிரித்துச் சேர்த்தால் 27,700 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சாப்பாட்டுச் செலவு இரண்டுக்கும் பொது. வித்தியாசம் ஏறத்தாழ 5,000 ரூபாய் என்றாலும், ஊர்ப் பெண்ணை அமர்த்தினால் பாதிச் செலவில் முடியும் என்று நினைத்து இறங்குகிறவர்கள் யாரோ ஒருவரின் தூக்கத்திலிருந்துதான் அந்த மீதியை எடுக்கிறார்கள். நேரடியாக அமர்த்துவதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால், பேசுவதற்கு ஓர் அலுவலகம் இல்லை. வைகாசி, ஆனியில் மாங்கூழ்த் தொழிற்சாலைகள் ஓடும்போது மாற்று ஆள் கிடைப்பதும் கடினம். சென்ற ஆண்டு ஜூனில் தம்பி பெங்களூரிலிருந்து வந்து மூன்று இரவுகள் பார்த்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று உள்ளூரிலேயே இரண்டு பேரை வைப்பது மூன்றாவது வழி. வேலை செய்பவர்களின் உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் இதுவே நேர்மையானது என்பது என் எண்ணம், இருவரும் தங்கள் வீட்டில் தூங்கித் தங்கள் பிள்ளைகளோடு இருக்க முடியும். விசாரித்தபோது பகலுக்கு 12,000 ரூபாயும் இரவுக்கு 10,000 ரூபாயும் கேட்டார்கள், செலவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் போன்ற நகரங்களில் இருப்பவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். எங்கள் ஊரில் நடக்காமல் போனதற்குக் காரணம் கடைசிப் பேருந்து. இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வரவும் காலையில் திரும்பவும் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பான வழி இல்லை, நடந்து வரும் தூரத்தில் இருந்தவர் ஒரே ஒருவர், அவரும் முழு மாதத்துக்கு ஒப்பவில்லை.

பிள்ளைகளே முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்பதை ஏஜென்சி ஏற்பாடு முடிந்த பிறகு, ஊர்ப் பெண்ணை அமர்த்தும் முன், ஆறு வாரங்கள் செய்து பார்த்தோம். அன்பில் குறைவில்லை. ஆனால் முறை என்று பேசியது மூன்று பிள்ளைகளுக்குள், நடந்தது என்னவோ எனக்கும் தங்கைக்கும் தம்பி மனைவிக்கும் இடையில். தம்பியின் முறை வந்த வாரங்களில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தது அவன் மனைவி. அவருக்கு அந்த மாதம் பிடித்தம் போன சம்பளத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை. குடும்பத்தில் ஒருவர் பார்த்துக்கொள்வது இலவசம் என்று நினைத்துத்தான் இந்த வழியைப் பலர் தேர்கிறார்கள். அப்படித் தேர்ந்தால், இழந்த சம்பளத்தை மற்றவர்கள் பங்கிட்டு மாதாமாதம் அவர் கணக்கில் போடுங்கள். அதைப் பேசக் கூச்சமாக இருக்கும் குடும்பத்தில் இந்த ஏற்பாடு மூன்றாவது மாதத்தைத் தாண்டாது.

இதிலேயே இன்னொரு வகை உண்டு, எங்கள் பக்கம் சாதாரணமாக நடப்பது. “தோப்பை உன் பேருக்கு எழுதறேன், கடைசி வரைக்கும் என்னைப் பாத்துக்கோ” என்று உறவுக்காரர் ஒருவரிடம் ஒப்படைப்பது. இதைச் செய்வதாயிருந்தால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைத் தான செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோர வழி தருகிறது. கோட்டாட்சியர் முன்பு மனுக் கொடுக்கலாம். வாய்வார்த்தையை நம்பி வெறும் பத்திரம் எழுதியவர்கள் அந்தப் பிரிவின் பயனை எளிதில் பெற முடிவதில்லை. பார்த்துக்கொள்பவருக்கும் இது நல்லதல்ல, அவருக்குக் கூலி எப்போது வரும் என்பது ஒருவரின் சாவைப் பொறுத்ததாகிவிடுகிறது. மாதச் சம்பளம் கொடுக்க வழியிருக்கும் வீட்டில் நிலத்தை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அம்மாவை ஓசூருக்கு அழைத்துவருவதும், முதியோர் இல்லமும் எங்கள் பேச்சில் வந்தவைதான். ஓசூரில் என் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இல்லங்களில் நடமாட முடிந்தவர்களைச் சேர்ப்பவை பல, படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் சேர்த்து நன்றாகப் பார்ப்பவை சில. ஒருவரும் துணையில்லாத முதியவருக்கு அது நல்ல இடமாக இருக்கலாம். விசாரிக்க வேண்டுமென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம்.

நேரடியாக அமர்த்துவோர் முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியவற்றில் எங்களுக்குப் பயன்பட்டவற்றைச் சொல்கிறேன். ஒரு தாளில் வேலைகளையும், வேலையில் சேராதவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். மாட்டுக் கொட்டகையும் விருந்தாளிகளுக்குச் சமைப்பதும் அவர் வேலையில் சேராது என்று எழுதிய வரி, எத்தனையோ மனத்தாங்கல்களைத் தவிர்த்தது. ஆதாரின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு அசலை அவரிடமே விட்டோம். அம்மாவின் தோட்டையும் வளையலையும் அவர் வருவதற்கு முன்பே கழற்றி வங்கி லாக்கரில் வைத்தது, அவர்மீது ஒருநாளும் சந்தேகம் விழாமல் இருப்பதற்காக. சம்பளம் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, அவர் பெயரிலேயே உள்ள கணக்குக்குப் போகிறது. கேட்ட அட்வான்ஸ் 15,000 ரூபாயை மாதம் 1,500 ரூபாய் வீதம்தான் பிடித்தோம், மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் அவர் வீட்டில் உலை ஏறாது. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய்க்கான பிரதமரின் விபத்துக் காப்பீட்டை அவர் வங்கிக் கணக்கில் தொடங்க உதவினோம். வீட்டுப் பணியாளர் நலவாரியத்திலும் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறோம், அதில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. அவர் வந்த முதல் வாரத்தில் பெரியப்பா வீட்டினர் அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் எடுத்து வைத்தார்கள். அம்மாவின் வாயில் சோறு ஊட்டும் கைக்குத் தனித் தம்ளர் கிடையாது என்று தங்கை அதை எடுத்து மற்ற பாத்திரங்களோடு அடுக்கிவிட்டாள். சில வாரங்கள் அந்த வீட்டினர் எங்களோடு பேசவில்லை. சாதி கேட்டு ஆள் தேடுகிறவர்களுக்கு நல்ல ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் தங்க மாட்டார், தங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கு இல்லை.

ஆகவே, குழாய், புண், ஊசி என்று செவிலியர் வேலை உள்ள வீட்டுக்கு, பொறுப்பை எழுத்தில் ஏற்கும் ஏஜென்சியையும், நகரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆள் முறையையும், எங்களைப் போன்ற கிராமத்து வீட்டுக்கு மாற்று ஆளோடு கூடிய நேரடி அமர்த்தலையும் நான் தேர்வேன். அம்மா இப்போது வாக்கர் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறார். முதுகில் ஒரு புண்ணும் இல்லை. நாடாவுக்குப் பதிலாகக் கட்டிலில் ஒரு அழைப்பு மணி மாட்டியிருக்கிறோம், இரவில் இப்போது இரண்டு முறைதான் அடிக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்பவரின் மகள் இந்த மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள், அதற்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு கேட்டிருக்கிறார், சரியென்று சொல்லிவிட்டோம். தெருப் பெண் எட்டு நாளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மீதி நான்கு நாளில் இரண்டு எனக்கு, இரண்டு தம்பிக்கு. இந்த முறை அவன் மனைவி வரவில்லை, அவனே வருகிறான்.